சிக்கிம் லாரியின் லோடு

நாங்குநேரி
8.2.2015

சசிரேகாவுக்கு,

சமாதானம் பேசுவதற்காக இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது நாம் இரண்டு பேரும் போட்ட விதி ஒன்று இருக்கிறது. அதுவரை பார்க்காத ஒரு மாநிலத்தின் நம்பர் பிளேட்டோடு லாரி வந்தால், பார்த்தவள் மற்றவளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தூங்கினால் எழுப்ப வேண்டும். சண்டையில் இருந்தாலும் சொல்ல வேண்டும். இந்தச் சண்டை விஷயத்தை விதியில் சேர்த்தது நீதான்.

அதனால் சொல்கிறேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் டோல்கேட் பக்கத்தில் சிக்கிம் லாரி ஒன்றைப் பார்த்தேன். வடக்கே பார்த்துப் போனது. இனி மிச்சம் லட்சத்தீவு மட்டும்தான். அது கடலில் மிதந்து வந்தால்தான் உண்டு.

போன் பண்ணியிருக்கலாமே என்று நினைப்பாய். உன் நம்பரை அடித்தால் உங்கம்மா எடுப்பார்கள். போன செப்டம்பரில் அவர்கள் பேசினது இன்னும் என் காதில் நிற்கிறது, இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லை. போன் கம்பெனியில் எத்தனை ஆயிரம் போனைக் கையால் தொட்டு அனுப்பினோம், கடைசியில் நமக்குத் தபால்காரர்தான் வாய்த்தார்.

பதில் போட வேண்டாம்.

இசக்கிசெல்வி

*

வாலாஜாபாத்
22.2.2015

இசக்கிக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டுக் கவரின் பின்னால் முழு விலாசமும் பின்கோடும் போட்டு அனுப்பியிருக்கிறாய். சரி.

சிக்கிம் பற்றித் தெரிந்துகொண்டேன். ஆனால் விதி என்று பேச ஆரம்பித்தால் முழுசாகப் பேசு. மாநிலம் மட்டும் சொன்னால் கணக்கில் சேராது, லோடு என்ன என்றும் சொல்ல வேண்டும். நீ லோடு எழுதவே இல்லை. அந்த விதியைப் போட்டது நீ.

கம்பெனி மூடின பிறகு இங்கே எல்லோரும் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். நம் அசெம்பிளி லைனில் இருந்த நாலைந்து பேர் ஒரகடத்துக்குப் போய்விட்டார்கள். என்னை அம்மா போக விடவில்லை. "கல்யாணத்த முடிச்சினு எங்க வேணா போ" என்கிறாள். அதுவரை எம்ப்ராய்டரி கிளாஸ். ஆமாம், நிஜமாகவே சேர்த்துவிட்டாள். அன்றைக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னது பொய் ஆகக் கூடாதாம். கங்கா டீச்சர் நல்ல மாதிரி, திட்டுவதில்லை. ஆனால் நான் முல்லைப்பூ போட்டால் கத்திரிக்காய் வருகிறது.

நீ செய்ததை நான் மறக்கவில்லை இசக்கி. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பையனின் அத்தை பஜ்ஜியைக் கையில் எடுத்துவிட்டாள். "லீவு நாள்ல இன்னாமா பண்ணுவே?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். நான் அம்மா சொல்லிக்கொடுத்தபடி எம்ப்ராய்டரி என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ சிரித்தாய். சிரித்ததோடு விட்டாயா. "அவளுக்கு ஊசியில நூல் கோக்கவே வராது அத்தை. ஞாயித்துக்கிழமை ஆனா ரோட்டுல உக்காந்து லாரி பாப்போம். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாலும் உள்ள என்ன லோடுன்னு சொல்லிருவோம்" என்று பெருமையாகச் சொன்னாய். அந்த அம்மா பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "டிரைவருங்கள்லாம் பழக்கமா?" என்று கேட்டாள். அது வரைக்கும் எங்கள் வீட்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ஊரில் அது எப்படியெல்லாம் பரவியது என்று உனக்குத் தெரியாது. நீ ரூமில் இருந்தவள், ஊருக்குப் போய்விட்டாய். நான் இங்கேயே இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு மாசியிலேயே வெயில் ஒத்துக்கொள்ளாது.

சசிரேகா

*

நாங்குநேரி
8.3.2015

சசி,

தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அதனால் லோடு தெரியவில்லை. போதுமா.

நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் துணையாக உட்காருகிறவள் அவளைப் பற்றி நாலு நல்லது சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லதை நான் சொன்னேன். அது அவர்களுக்கு நல்லதாகப் படாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கம்மா திட்டினதுகூடப் பரவாயில்லை, அவர்கள் பெற்றவர்கள். நீ பேசினதுதான் ஆறவில்லை. மறுநாள் கேன்டீனில் நம் லைன் பெண்கள் அத்தனை பேரும் கேட்க என்ன சொன்னாய்? "ரோட்டுல நிக்கறது அவ பழக்கம், என்னையும் சேத்து இஸ்துனு போனா. அது ஒரு வேலையத்த வேல." அதற்குப் பிறகு கம்பெனி மூடுகிற வரைக்கும் ஒரே ஸ்டாப்பில் ஆளுக்கொரு முனையில் நின்றோம். ஒரு நாள் மிசோரம் போனது. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். ஏற்கெனவே பார்த்ததுதானே என்று இரண்டு பேரும் தலையைத் திருப்பிக்கொண்டோம்.

நான் உன்னை இழுத்துக்கொண்டு போனேனா சசி? 2009-இல் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுதுகொண்டே நின்றேன். பேர்கூடத் தெரியாத நீ வந்து, "எந்த ஊரு?" என்று கேட்டாய். திருநெல்வேலி என்றேன். அன்றிலிருந்து நீ ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் என் தோளைப் பிடித்துத் திருப்பி, "தோ பாரு, உங்க ஊரு லாரி வருது" என்று காட்டினாய். டி.என். 72. லோடு இல்லாமல் காலியாக ஆடிக்கொண்டு போனது. ஒரு காலி லாரியைப் பார்த்து அப்படிச் சிரித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதிலிருந்துதான் எல்லாம். தார்ப்பாய் புடைத்துக்கொண்டு ஆடினால் பஞ்சு. மேலே ஒன்றுமே தெரியாமல் டயர் மட்டும் பிதுங்கினால் இரும்பு. பக்கவாட்டில் காற்றுக்கு இடம் விட்டுக் கட்டியிருந்தால் வெங்காயம். ஸ்டாப்பை ஒட்டின செங்கமலம் அக்கா டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டீயை ஒரு மணி நேரம் குடிப்போம். அவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

லைனில் எனக்கு என்ன வேலை? போன் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று ஷிப்ட் முழுக்கப் பார்ப்பது. என் கண்ணைக் கம்பெனிக்குக் கொடுத்தேன், சம்பளம் கொடுத்தார்கள். சாயங்காலம் மிஞ்சின கண்ணை வைத்து எனக்குப் பிடித்ததைப் பார்த்தேன். அதைப் போய் வேலையற்ற வேலை என்கிறாய். ஆமாம், வேலை இல்லைதான். அதனால்தான் பிடித்தது.

இப்போது வள்ளியூரில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறேன். வேலை விட்டு வந்ததும் டோல்கேட் பக்கம் நடந்துவிட்டு வருவேன். மதினி ஒரு நாள், "யாருக்காகம்மா அங்கன போயி நிக்க?" என்று கேட்டாள். காற்று வாங்க என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

இசக்கி

*

வாலாஜாபாத்
29.3.2015

இசக்கி,

உன் கடிதத்தை அம்மா கண்ணில் படாமல் படிக்க மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். ஒரு பக்கத்தை மாடு நக்கிவிட்டது. நல்லவேளை, டீக்கடை வருகிற பக்கம் தப்பித்தது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. தார்ப்பாய் போட்டிருந்தால் உனக்கு லோடு தெரியாதா? நீயா இதைச் சொல்கிறாய்? ஒரு தடவை மூன்று அடுக்குத் தார்ப்பாய்க்குள் குழந்தைகள் சைக்கிள் என்று சொன்னவள் நீ. டீக்கடையில் லாரி நின்றதும் செங்கமலம் அக்கா போய் கிளீனரிடம் கேட்டுவிட்டு வந்து வாயைப் பிளந்தார்கள். சிக்கிம் லாரிக்கு மட்டும் உன் கண்ணுக்கு என்ன ஆனது?

சரி, அதை விடு. எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பேர் ஸ்ரீதர், ஒரகடத்தில் டயர் கம்பெனியில் வேலை. சித்திரை கடைசியில் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் போனால் அம்மா தாங்க மாட்டாள். போன தடவைக்கு அப்புறம் அவள் கோவிலுக்குக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறாள், யாராவது கேட்பார்கள் என்று.

முடிவானால் கல்யாணத்துக்கு நீ வர வேண்டும். நீ வராமல் எனக்குக் கல்யாணம் மாதிரியே இருக்காது. ஆனால் அந்த லாரி பேச்சை மட்டும் யாரிடமும் எடுக்காதே. நாம் லைனில் ஒன்றாக வேலை பார்த்தோம், அவ்வளவுதான். எனக்கும் வயது ஆகிறது, எத்தனை நாள் அதே விளையாட்டு. இனிமேல் நான் ஆட்டத்தில் இல்லை என்று வைத்துக்கொள். என்னைப் புரிந்துகொள்ள நீதான் இருக்கிறாய்.

சசி

*

நாங்குநேரி
12.4.2015

சசிரேகாவுக்கு,

நல்ல இடமாக அமையட்டும். மனசாரத்தான் சொல்கிறேன்.

ஆனால் கல்யாணத்துக்கு வரமாட்டேன். வந்தால் பந்தி பரிமாறலாம், பாத்திரம் கழுவலாம், எல்லாம் செய்வேன். யாராவது, "நீங்க ரெண்டு பேரும் எப்படிம்மா பழக்கம்?" என்று கேட்டால் என்ன சொல்ல? லைனில் நம்மோடு நூறு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு நீ கடிதம் எழுதுகிறாய்? நாம் எப்படிச் சிநேகிதி ஆனோமோ அதையே சொல்லக் கூடாது என்றால், அங்கே வந்து உட்காருகிறவள் யாரோ ஒருத்தி. அவளை நீ கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை.

நீ ஆட்டத்தில் இல்லை என்றால் விதியும் இல்லை. இனி நான் எழுத வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை.

எனக்கு அழுகையாக வருகிறது, அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

இசக்கிசெல்வி

*

வாலாஜாபாத்
17.5.2015

இசக்கி,

நீ பிரிக்காமல் வைத்துவிடக் கூடாது என்று கவரின் மேலேயே "திட்டுவதற்காகவாவது படி" என்று எழுதியிருக்கிறேன். தபால்காரர் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்.

போன ஞாயிறு உத்திரமேரூர்க்காரர்கள் வந்தார்கள். அம்மா காலையிலேயே கங்கா டீச்சர் வீட்டுக்கு ஓடி ஒரு தலையணை உறை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு மயில், நடுவில் தாமரை. அதை நடு வீட்டில் நாற்காலி மேல் வைத்து, "எல்லாம் எம்பொண்ணு போட்டது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பையனின் அம்மா உறையைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள் இசக்கி. பின்பக்கத்தைப் பார்க்கிறவள் வேலை தெரிந்தவள் என்று எனக்கு அப்போதே புரிந்தது. "தோகையில இந்த முடிச்சு எப்பிடிமா போட்ட? நானும் முப்பது வருசமா போட்டுனு கீறேன், எனக்கு இவ்ளோ சின்னதா வரல" என்று ஆசையாகக் கேட்டாள். ஊசி நூலெல்லாம்கூடக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள், போட்டுக் காட்டு என்று.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உன்னை நினைத்தேன். உன் இடத்தில் அன்றைக்கு என் சித்தி மகள் உட்கார்ந்திருந்தாள், எதுவுமே பேசாமல். பேசாதவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இது நான் போட்டது இல்லீங்க. எனக்கு எம்ப்ராய்டரி வராது" என்று சொல்லிவிட்டேன்.

பையனின் அம்மா, "அப்ப உனக்கு இன்னா வரும்?" என்றாள். கோபமாகக் கேட்டாளா, சாதாரணமாகக் கேட்டாளா என்று முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தே சொன்னேன். "லாரி பாப்பேன். நானும் என் சிநேகிதியும். அவ பேரு இசக்கிசெல்வி, திருநெல்வேலி. எந்த மாநிலம், இன்னா லோடுன்னு பாப்போம்."

"அதுல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லீங்க. புடிச்சிருந்தது. லைன்ல நின்னா எல்லாரும் எங்கள பாத்துனு இருப்பாங்க. அங்க நாங்க பாப்போம்."

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த அம்மா சொன்னாள்: "நான் கொழாயாண்ட தண்ணி வர வரைக்கும் மேகத்த பாத்துனு இருப்பேன். ஆனை, ஆடுன்னு ஏதாவது தெரியும். வூட்ல சொன்னா சிரிப்பாங்கன்னு சொன்னதில்ல." சொல்லிவிட்டுத் தலையணை உறையை மடித்து நாற்காலியில் வைத்தாள். காபி குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள். இதுவரை ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாதம் போடும்போது, "அந்தப் பொண்ணு, உன் சிநேகிதி, அதுக்கு கல்யாணம் ஆய்டுச்சா?" என்றாள். இல்லை என்றேன். "நானும் அன்னிக்கு கொஞ்சம் ஓவரா பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்க உள்ளே போய்விட்டாள். என் தலைக்கு மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது.

இன்றைக்கு ஞாயிறு. கம்பெனி மூடின பிறகு இன்றுதான் சுங்குவார்சத்திரம் போனேன். செங்கமலம் அக்கா, "எங்கடி உன் ஜோடி?" என்று கேட்டார்கள். பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். நீ உட்காரும் இடத்தில் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள், எடுக்கச் சொன்னேன். நாகாலாந்து நாலைந்து போனது, ஒரு ராஜஸ்தான், லோடு மார்பிள். புதுசாக ஒன்றும் வரவில்லை. சொல்ல ஆள் இல்லாததால் ஒவ்வொன்றையும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கம்பெனி பஸ் வராத ஸ்டாப் எப்படியோ இருந்தது. ஆனாலும் ஆறு மாதமாக எனக்கு இல்லாத நிம்மதி அங்கே இருந்தது.

நீ என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. டி.என். 72-ஐ உனக்குக் காட்டினது நான். ஆட்டத்தை ஆரம்பித்தவள் நான். கேன்டீனில் அத்தனை பேர் முன்னால் அதை மாற்றிச் சொன்னேன். மன்னித்துவிடு.

அப்புறம், சிக்கிம். நீ பார்க்கவில்லை. தார்ப்பாய் என்று எழுதினபோதே எனக்குத் தெரியும். கணக்கில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வா, சேர்ந்தே பார்க்கலாம்.

ஆட்டத்தில் இருக்கும்,
சசி

*

நாங்குநேரி
24.5.2015

சசி,

கவரைப் பார்த்துத் தபால்காரர் சிரிக்கவில்லை. "திட்டணும்னா சீக்கிரம் படி தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் லீவு சொல்லிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் திருநெல்வேலியில் பஸ் ஏறுகிறேன், ஞாயிறு காலை அங்கே இருப்பேன். மதினி மறுபடியும் யாருக்காக என்று கேட்டாள். இந்தத் தடவை உன் பேரைச் சொன்னேன். உங்கம்மாவுக்கு அல்வா வாங்கி வருகிறேன். உத்திரமேரூர்க்காரர்கள் சொல்லி அனுப்பினார்களா என்று நான் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அந்த மேகம் பார்க்கிற அம்மாவை மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ சொன்னது சரிதான். அந்த வியாழக்கிழமை நான் பார்த்தது சிக்கிம் இல்லை. டி.என். 21. உங்கள் காஞ்சிபுரத்து நம்பர். ஊருக்கு வந்த நாளிலிருந்து தினம் சாயங்காலம் அது ஒன்று வருகிறதா என்று பார்க்கத்தான் டோல்கேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. வந்ததும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் விதிப்படி புது மாநிலம் என்றால்தானே எழுதலாம், அதனால் சிக்கிம் என்று எழுதினேன்.

லோடு கேட்டாயே. ஒன்றும் இல்லை, காலி. அன்றைக்கு நீ எனக்குக் காட்டினது மாதிரியே ஆடிக்கொண்டு போனது.

பெஞ்சில் அந்த ஹெல்மெட்காரனுக்கு இடம் கொடுக்காதே.

இசக்கி